மீன் பொரித்தால் அணையும் நெருப்பு

“என்ர அடுப்பை அணைக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியும்,” என்றாள் இமெல்டா. “எப்பிடி அணைக்கிறா எண்டதை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. காணும்.”

ரதிதேவி ஈரக் குடையைச் சுவரோடு சாத்திவிட்டு உட்கார்ந்தாள். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. எரிந்துபோன வீடுகளுக்குள் நடந்து, நெருப்பு தானாக வந்ததா, யாரும் கூப்பிட்டு வந்ததா என்று சொல்லவேண்டும். சனிக்கிழமைகளில் மட்டும், ஒக்லண்ட் தமிழர்கள் பொலிசுக்குச் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களை விசாரிப்பாள். நெருப்பு ஏன் வந்தது என்று கேட்டே தலை நரைத்தவளிடம், நெருப்பு ஏன் போகிறது என்று கேட்ட முதல் ஆள் இமெல்டாதான்.

“கொலைகாரி யாருன்னு தெரியும், ஆயுதம்தான் தெரியாது. பரவால்லைங்க ஆன்ட்டி, வழக்கமா எங்களுக்கு ரெண்டுமே தெரியாது.”

சொன்னவன் பாஸ்கரன். மதுரைக்காரன். அலுவலகத்தில் ரதிதேவிக்குப் படம் பிடிப்பவன், கார் ஓட்டுபவன், வாயை மூடத் தெரியாதவன்.

“பாஸ்கரன்,” என்றாள் ரதிதேவி.

“சரிங்க மேடம்.”

மவுண்ட் ஆல்பர்ட்டில் அந்தத் தெரு முழுவதும் பழைய பலகை வீடுகள். இமெல்டாவின் வீடும் அப்படித்தான்: உயரமான கூரை, முன்கதவிலிருந்து குசினி வரைக்கும் நேராக ஓடும் நடை, இரண்டு பக்கமும் அறைகள். நடுக்குளிர்கால ஜூலை மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இமெல்டா, இறந்துபோன கணவர் அருளப்புவின் கம்பளிக் கோட்டைப் போட்டு, கைகளை அதன் கைக்குள் இழுத்துக்கொண்டு, தன் வீட்டு முன்னறையிலேயே பஸ்ஸுக்கு நிற்பவள்போல இருந்தாள்.

“ஆர் அந்த ஆள், அக்கா?” ரதிதேவி கேட்டாள்.

“பக்கத்து வீட்டு டோறின். வெள்ளைக்காரி. எங்கட சமையல் மணம் அவவுக்கு ஆகாது. மாசியில இவரை அடக்கம் பண்ணி முப்பத்தோராம் நாள் பூசை முடிய முதலே முறைப்பாடு சொல்லிப்போட்டா. என்ர முகத்துக்கு நேர சொல்லேல்லை. மகனிட்டச் சொல்லியிருக்கிறா. கவுன்சிலுக்கு எழுதப் போறாவாம்.”

“அதுக்கும் அடுப்புக்கும் என்ன?”

“அடுப்பின்ர புகைக்குழாய் அவவின்ர வேலிப் பக்கம்தானே வெளிய போகுது. கையை நீட்டினால் தொடலாம். எதையோ வைச்சு அடைக்கிறா. பின்னேரத்தில மூட்டுறன், நல்லா எரியுது. இருட்டினால் செத்துப் போகுது. இந்தக் குளிர்காலம் முழுக்க இதே கதை.” இமெல்டா மூச்சை இழுத்துக்கொண்டாள். “திங்கட்கிழமை வீடு விக்கிற ஆள் வந்து முத்தத்தில விற்பனைப் பலகை நடப் போறார். ஜொனாதன், என்ர மகன், வேலை மாறிப் பிறிஸ்பேனுக்குப் போறான். என்னையும் வரச்சொல்லுறான். மாட்டன், மாட்டன் எண்டுதான் சொன்னனான். நானும் இவரும் கட்டின குடித்தனம் இது. கடைசியில குளிர் தாங்கேலாமல் போன கிழமை ஓமெண்டு சொல்லிப்போட்டன். எனக்குப் போக விருப்பமில்லை, ரதி. இந்த அடுப்பு எரிஞ்சால் நான் போகமாட்டன்.”

பாஸ்கரன் அதற்குள் அடுப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

அது சமைக்கும் அடுப்பு அல்ல, வீட்டைச் சூடாக்குவது; விறகு அடுப்பும் அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை மேலே உள்ள பெட்டியில் கொட்டினால், உள்ளே ஒரு திருகு சுழன்று கொஞ்சங் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். பின்னால் ஒரு விசிறி, அறையிலுள்ள காற்றை இழுத்து நெருப்புக்குக் கொடுத்துப் புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும். பெலட் அடுப்பு என்று பெயர். முந்தின குளிர்காலத்தில், கண்ட ஆளெல்லாம் சிரிக்கச் சிரிக்க, அருளப்பு அதை வாங்கிப் பூட்டினார். வருகிறவர்களுக்குப் புது மருமகனைக் காட்டுவதுபோலக் காட்டுவார். அந்தக் குளிர்காலம் முழுக்க அது ஒரு நாளும் அணையவில்லை.

“கோழித்தீனி மாதிரி இருக்கு,” என்று ஒரு குச்சியை எடுத்து உடைத்தான் பாஸ்கரன். டக் என்று முறிந்தது. “ஈரம் இல்ல. முதல் குற்றவாளி விடுதலை. ரெண்டாவது, குச்சி எரியிற இந்தக் கிண்ணம். சாம்பல் அடைச்சா காத்து வராது. ஆனா இது கல்யாணத்துக்குப் போற மாதிரி சுத்தமா இருக்கே?”

“ஜொனாதன் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வந்து முழங்காலில நிண்டு துடைக்கிறவன்,” என்றாள் இமெல்டா. குரலில் பெருமை. “கடைக்காரனும் பல தரம் வந்து பார்த்திட்டான். அவன் மூட்டினால் எரியுது. அவன்ர வான் தெருமுனை திரும்பினாப் பிறகுதான் வருத்தம் வாறது.”

ரதிதேவி ஒரு கடதாசித் துண்டை அடுப்புக் கதவின் இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கதவும் இறுக்கம்தான். ஆனால் கண்ணாடியில் கரி படிந்திருந்தது. அதை விரலால் தொட்டு, விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளிய போய்க் குழாயைப் பார்ப்பம்.”

மூவரும் மழைக்குள் போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், சுவரிலிருந்து குழாய் முழங்கைபோல நீட்டிக்கொண்டிருந்தது. வேலிப் பலகைக்கும் குழாயைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. புதிது அல்ல. பழுத்த இலை, செத்த பூச்சி, இறகுத் துண்டு எல்லாம் மாட்டி, ஒரு பழைய துணிபோலத் தொங்கியது.

“சாட்சி பேசாது, ஆனா பொய்யும் சொல்லாது,” என்றான் பாஸ்கரன். “ஆன்ட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கை நீட்டியிருந்தா இந்த வலை கிழிஞ்சிருக்கணும். சிலந்தி இங்க ரொம்ப நாளா நிம்மதியாக் குடியிருக்கு. உங்க டோறின் இந்தப் பக்கமே வரலீங்க.”

“அவ கெட்டிக்காரி. வேற வழி வைச்சிருப்பா.”

இமெல்டாவுக்கு வலை பிடிக்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அவளைச் சூடாக வைத்திருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் ஒரு சிலந்தி வந்து எடுத்துக்கொண்டு போவதா?

உள்ளே வந்ததும் ரதிதேவி தலையைத் துவட்டியபடி கேட்டாள்.

“போன குளிருக்கும் இந்தக் குளிருக்கும் நடுவில இந்த வீட்டில என்ன மாறினது, அக்கா?”

“அவர் இல்லை.”

பாஸ்கரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“அதைத் தவிர?” ரதிதேவியின் குரல் மெதுவாக வந்தது.

“அதைத் தவிர வேற என்ன மாறக்கிடக்கு?”

“சரி. அடுப்பு அணையாத நாள் எண்டு இருக்கோ?”

“ஞாயிறில அணையிறேல்லை. இடைக்கிடை வேற நாளிலயும் விடிய விடிய எரிஞ்சிருக்கு.”

“அந்த நாளுகளில என்ன சாப்பிட்டனீங்கள்?”

இமெல்டாவுக்கு எரிச்சல் வந்தது. “நான் அடுப்பைப் பற்றிக் கதைக்கிறன். நீங்கள் வயித்தைப் பற்றிக் கேக்கிறீங்கள்.”

“சொல்லுங்கோ.”

“ஞாயிறில மருமகள் இவோன் சமைச்சுக் கொண்டுவருவா. மற்ற நாளில, மனம் சரியில்லாட்டிப் பாணும் பட்டரும்.”

“மனம் சரியா இருந்தால்?”

“சோறு, சொதி, மீன் பொரியல். நான் மன்னாரில பிறந்தவள். மீன் இல்லாமல் சோறு எனக்கு இறங்காது.”

“அப்ப பாண் சாப்பிட்டா எரியுது, மீன் பொரிச்சா அணையுது,” என்றான் பாஸ்கரன். “மேடம், அடுப்பு சைவம் போல. மீன் வாசம் பட்டா மூச்சை நிறுத்திக்குது.”

ரதிதேவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பயந்துவிட்டான். “தமாஷுக்குச் சொன்னேங்க.”

“தெரியும். தமாசுக்குச் சொல்லேக்கதான் நீர் வேலைக்கு உதவுறீர். குசினியைக் காட்டுங்கோ, அக்கா.”

*

குசினியில் சமையல் அடுப்புக்கு மேலே, ஒரு உணவுக்கடைக்குப் போதுமான அளவில், பளபளவென்று ஒரு புகை இழுக்கும் ஃபான் இருந்தது. எட்டிப் பார்த்தால் ஆள் தலையே உள்ளே போகும்போல இருந்தது.

“ஜொனாதன் பூட்டித் தந்தது. டோறின் முறைப்பாடு சொன்ன உடன. மணம் பக்கத்துக்குப் போகாமல் கூரைக்கு மேலால போயிடுமாம். மீன் பொரிக்கேக்க கடைசி இலக்கத்தில போடச் சொன்னவன். யன்னல் ஒண்டும் திறக்க வேண்டாமெண்டும் சொன்னவன்.” இமெல்டா ஜன்னல் ஓரத்தைத் தடவிக் காட்டினாள். மெத்தென்ற நுரைப்பட்டி இடைவெளி தெரியாமல் ஒட்டியிருந்தது. “குளிர் வரக்கூடாதெண்டு வீடு முழுக்க இருந்து இருந்து ஒட்டினான். கதவுக்குக் கீழயும் அடிச்சிருக்கு. பிள்ளை ரெண்டு சனிக்கிழமை மினக்கெட்டவன்.”

“வழமையா என்ன செய்வீங்களோ, அதை இப்ப செய்யுங்கோ. மீன் மட்டும் வேண்டாம்.”

முன்னறையில் அடுப்பை மூட்டினார்கள். நெருப்பு மஞ்சளாக எழும்பித் துள்ளியது. குசினியில் இமெல்டா ஃபானைக் கடைசி இலக்கத்துக்குத் திருப்பினாள். ரதிதேவி, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியை அனுமதி கேட்டு எடுத்து, கொளுத்தி, முன்கதவின் சாவித் துவாரத்துக்கு நேரே பிடித்தாள்.

சுடர் உள்ளே சாய்ந்தது. யாரோ வெளியே நின்று ஊதுவதுபோல. சாவித் துவாரம் மெல்லிதாக விசில் அடித்தது.

“இந்தச் சத்தம்!” என்றாள் இமெல்டா. “ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். காத்தெண்டு நினைச்சன்.”

“காத்துத்தான். வீட்டுக்குள்ள வர வழி தேடுது. இங்க பாருங்கோ.”

அடுப்பில் நெருப்பு துள்ளலை விட்டுவிட்டது. மஞ்சள் மங்கிச் செம்மஞ்சளாகி, சோம்பலாகக் கண்ணாடியை நக்கி அதில் கரி பூசியது. ஒரு சட்டி மீன் பொரியும் நேரம்கூட ஆகவில்லை. சின்னச் சிவப்பு வெளிச்சம் ஒன்று கண் சிமிட்டியது. திருகு நின்றது. நெருப்பு மண்டையைப் போட்டது.

“இந்த அடுப்பு அறையிலயிருந்துதான் மூச்செடுக்குது. பழைய வீடு, பலகைக்குப் பலகை ஓட்டை, அதால போன வருசம் அதுக்குக் குறையில்லை. இப்ப ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. உங்கட ஃபான் வீட்டுக் காத்தையெல்லாம் கூரைக்கு மேல அள்ளிக்கொண்டு போகுது. ரெண்டு பேர் ஒரு கயித்தை இழுத்தால் பலமான ஆள்தானே வெல்லும்? கடைக்காரன் வரேக்க சாமான் தூக்க முன்கதவைத் திறந்து வைச்சிருப்பான். நீங்களும் அவனுக்கு முன்னால மீன் பொரிச்சிருக்கமாட்டீங்கள்.”

“அப்ப டோறின் இல்லையோ?”

“இல்லை. ஒவ்வொரு நாளும் உங்கட கைதான் அணைச்சது.”

இமெல்டா சிரித்துவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, பழக்கம் விட்டுப் போனதால் இருமலாக முடிந்தது. “ஆண்டவரே! நானேயா? பாவம் ஜொனாதன், எனக்கு நல்லது செய்யப் போய்... பொறுங்கோ, அவனுக்கு ரெலிபோன் எடுக்கவேணும். வீடு விக்கத் தேவையில்லை எண்டு சொல்லவேணும்!”

ரதிதேவி சிரிக்கவில்லை. பாஸ்கரனும் சிரிக்கவில்லை என்பதை இமெல்டா அப்போதுதான் கவனித்தாள்.

“மகனுக்கு என்ன வேலை, அக்கா?”

“எஞ்சினியர். உங்கட எல்லர்ஸ்லியிலதான் கந்தோர். பெரிய கட்டடங்களுக்குள்ள எவ்வளவு காத்து உள்ள வரவேணும், எவ்வளவு வெளிய போகவேணும் எண்டு...”

வசனம் பாதியில் நின்றது.

“தெரியாமல் செய்திருப்பான்,” என்றாள் பிறகு.

“இருக்கலாம்.”

“அவன் பிள்ளை, ரதி. தகப்பன்ர சவப்பெட்டியைத் தோளில சுமந்தவன்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை, அக்கா. டோறினிட்ட ஒருக்கால் போய்ப் பார்ப்பம். அவ முறைப்பாடு சொன்னதெண்டால், உங்கட மகன் உண்மையிலேயே உங்களுக்கு உதவி செய்யத்தான் அந்த ஃபானைப் பூட்டினவர். நான் வாயை மூடிக்கொண்டு போயிடுவன்.”

*

வேலியைச் சுற்றிக்கொண்டு போக இமெல்டாவின் கால் பின்னுக்கு இழுத்தது. மாசியிலிருந்து டோறினைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் அவள். எங்கள் சாப்பாட்டு மணத்தைப் பிடிக்காதவளிடம் போய், பிடிக்கவில்லையா என்று எந்த முகத்தோடு கேட்பது? நேரே கேட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். அந்த வெட்கம்தான் கேட்க விடவில்லை.

கதவைத் திறந்த டோறின், பூனையை ஒரு கையில் அணைத்தபடி, இமெல்டாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பூனையைக் கீழே போட்டுவிட்டு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியில் வந்துவிட்டாய்!” என்றாள் ஆங்கிலத்தில். “உள்ளே வா. கை ஏன் இப்படி ஐஸாக இருக்கிறது?”

ரதிதேவி சுற்றி வளைக்காமல் கேட்டாள். பக்கத்து வீட்டுச் சமையல் மணம் தொந்தரவாக இருக்கிறதா?

“தொந்தரவா?” டோறினுக்குப் புரியவில்லை. “அருளப்பு இருந்த காலத்தில் பின்னேரமானால் அங்கே மீன் பொரியும். அப்போதுதான் நானும் என் உருளைக்கிழங்கை அவிக்கப் போடுவேன். மணத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிடலாமே! அவர் போன பிறகு ஒரு மணமும் இல்லை. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அவள் சாப்பிடுகிறாளா என்று அவள் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா யாரையும் பார்க்க விரும்பவில்லை, தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள் என்றான்.” அவள் இமெல்டாவின் முகத்தைப் பார்த்தாள். “நான் தட்டியிருக்க வேண்டும், இல்லையா?”

இமெல்டா ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. தேநீர் குடிக்கச் சொல்லி டோறின் கெஞ்சியதும், இன்னொரு நாள் என்று ரதிதேவி சொன்னதும் எங்கோ தூரத்தில் கேட்டன. திரும்பி வரும்போது பாஸ்கரன் குடையை முழுக்க அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு வந்தான். தெருவில் இருந்து வாசல் வரைக்கும் அவன் ஒரு பகிடியும் விடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அது பொய்யா இருக்கலாம்,” என்றாள் வாசலில் நின்று. “முறைப்பாடு பொய்யாவே இருக்கட்டும். யன்னலைச் சாத்தி வைக்கிறதுக்கு ஒரு சாட்டாச் சொல்லியிருப்பான். குளிர் வராமல் இருக்க. அடுப்பு அணையுமெண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“அதுதான் எனக்கும் தெரியவேணும்,” என்றாள் ரதிதேவி. “இண்டைக்கு அவையள் வருகினமோ?”

“ஆறு மணிக்கு. திங்கட்கிழமை அலுவல் கதைக்க. இவோனும் வாறா. பிள்ளைத்தாச்சி, ஏழு மாசம்.”

“அப்ப மீன் பொரியுங்கோ. எல்லாத்தையும் சாத்திப்போட்டு, ஃபானைப் போட்டு, வழமை மாதிரி. ஒண்டும் கேட்கவேண்டாம். நாங்கள் சிநேகிதர் எண்டு சொல்லுங்கோ.”

“பிறகு?”

“அடுப்பு அணைஞ்சு போச்செண்டால் உங்கட மகன் ஒண்டும் அறியாதவர். அவரிட்ட நான் மன்னிப்புக் கேட்பன்.”

*

நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். ஜொனாதன் தாயின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். “மம்மி, யூ ஓகே? மூட்டிட்டீங்களா? குட்.” இவோனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினான். இவோன் காலுறையோடு பாதங்களை நெருப்புக்கு நேரே நீட்டிக்கொண்டாள்.

இமெல்டா குசினிக்குப் போனாள். அங்கே மேசையில் ரதிதேவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாஸ்கரன் உரித்த தோலை அடுக்கிக்கொண்டிருந்தான். குசினி வாசலில் நின்றால், நடை வழியே நேராக முன்னறையும் அடுப்பும் இவோனின் கால்களும் தெரியும்.

ஃபான் உறுமத் தொடங்கியது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டிய மீன் எண்ணெயில் விழுந்து சீறியது. நடையின் அந்த முனையில் சாவித் துவாரம் விசில் அடித்தது.

இந்தக் குளிர்காலம் முழுக்க, அந்த நெருப்பு அணையக்கூடாது என்று செபமாலை உருட்டியவள் இமெல்டா. இப்போது அகப்பையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே அணையட்டும், அணையட்டும் என்று மனதுக்குள் மன்றாடினாள். அணைந்தால் அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். வீடு போனாலும் போகட்டும்.

நெருப்பு செம்மஞ்சளானது. கண்ணாடியை நக்கத் தொடங்கியது.

இவோன் தோளைக் குறுக்கிக் கைகளை உரசினாள். கதிரையை இன்னும் கொஞ்சம் நெருப்புப் பக்கம் இழுத்தாள்.

ஜொனாதன் நெருப்பைப் பார்த்தான். பிறகு இவோனைப் பார்த்தான். எழும்பினான். ஜன்னலடிக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கி, பெருவிரல் நகத்தால் நுரைப்பட்டியின் முனையை நெம்பி உரித்து, கண்ணாடியை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி விட்டான். எங்கே உரிக்க வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

விசில் நின்றது. நெருப்பு மஞ்சளாக எழும்பி நின்றது.

அவன் திரும்பி வந்து, சால்வையை எடுத்து மனைவியின் காலைச் சுற்றிப் போர்த்தான். குசினிப் பக்கம் பார்க்கவேயில்லை.

மீன் கருகும் மணம் வந்தது. ரதிதேவி எழும்பி ஃபானையும் சமையல் அடுப்பையும் நிறுத்தினாள். திடீரென்று வீடு முழுக்க மழைச் சத்தம் மட்டும்.

இமெல்டா தட்டகப்பையோடு நடை வழியே நடந்து வந்தாள்.

“ஜொனாதன், யன்னல் திறந்து கிடக்கு.”

“ஆ... இவோனுக்கு மூச்சு முட்டுது, மம்மி. கொஞ்சம் காத்துக்கு.”

“எனக்கொண்டும் முட்டேல்லையே,” என்றாள் இவோன். “குளிருது.”

“மீன் பொரியுது. மணம் டோறினுக்குப் போகாதோ?”

ஜொனாதன் தாயைப் பார்த்தான். தாய்க்குப் பின்னால் குசினி வாசலில் நின்ற இரண்டு புது ஆட்களைப் பார்த்தான். முகம் மாறியது.

“மம்மி, லிசின், ஐ கேன் எக்ஸ்பிளெயின்...”

“தமிழில சொல்லு. பொய்யைத் தமிழிலதானே சொன்னனீ.”

அவன் இந்த நாட்டுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தவன். தமிழ் அவனுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

“அப்பா... குசினியில விழுந்து கிடந்தார். நீங்கள் பூசைக்குப் போயிருந்தீங்கள். வந்து பார்க்கேக்க லேட். நீங்களும் அப்பிடி விழுந்தால்? நான் பிறிஸ்பேனில இருந்து என்ன செய்யிறது? எத்தினை தரம் கேட்டன், மம்மி. வரமாட்டன் எண்டு சொன்னீங்கள்.”

“கேட்டனீ. நான் மாட்டன் எண்டன். அது உனக்கு விடையாப் படேல்லையோ?”

“குளிர் கூடினால் வருவீங்கள் எண்டு நினைச்சன். சேஃப் ஆன வழி. ஒருத்தருக்கும் காயமில்லை.”

“மாமிதான் எங்களோட வர ஆசைப்படுறா எண்டு என்னட்டச் சொன்னனீங்கள்,” என்றாள் இவோன். அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். “தனிய இருக்கப் பயமெண்டு அழுகிறா எண்டு சொன்னனீங்கள். நான் அறை எல்லாம்...” அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இமெல்டா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு ஞாயிறும் வந்து முழங்காலில நிண்டு அந்தச் சாம்பலை வழிச்சனீ. நான் உனக்குப் பின்னால நிண்டு பார்த்துக்கொண்டிருந்தன். ஏன் மம்மி அணையுது, விளங்கேல்லையே எண்டு என்னட்டக் கேட்டனீ. கேட்டுப்போட்டு இன்னும் நல்லாத் துடைச்சனீ.” தட்டகப்பையிலிருந்து எண்ணெய் கம்பளத்தில் சொட்டியது. “இவோனுக்கு ரெண்டு நிமிசம் குளிரினதை உன்னால பார்த்துக்கொண்டு இருக்க ஏலேல்லை. அது நல்லது. அப்பிடித்தான் இருக்கவேணும். நான் மாசக்கணக்கா இந்தக் கோட்டுக்குள்ள இருந்தனான்.”

“மம்மி, ஐ’ம்... மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“திங்கட்கிழமை அந்த வீடு விக்கிற மனுசனை வர வேண்டாமெண்டு நீயே சொல்லு. நான் எங்கயும் வரேல்லை.”

“ஓம்.”

“இப்ப பக்கத்து வீட்டுக்குப் போ. அவ சொல்லாததைச் சொன்னாவெண்டு என்னட்டச் சொன்னதையும், நான் சொல்லாததைச் சொன்னனெண்டு அவவிட்டச் சொன்னதையும், அவவின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லிப்போட்டு வா.”

“இப்பவா? மழை கொட்டுது.”

“வந்தாப் பிறகு சாப்பாடு போடுறன். உன்னைப் பசியோட விடமாட்டன். அதுக்கு மேல உனக்குத் தர என்னட்ட இப்ப ஒண்டும் இல்லை.”

ஜொனாதன் கோட்டைத் தேடினான். கிடைக்கவில்லை. அப்படியே வெளியே போனான். முன்கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

குசினியில் பாஸ்கரன் சட்டியை எட்டிப் பார்த்தான். “கருகின துண்டையெல்லாம் எனக்குப் போடுங்க ஆன்ட்டி,” என்றான் மெதுவாக. “எங்க ஊர்ல அதுக்குத்தான் அடிதடி.”

இமெல்டா தட்டுகளை எடுத்து வைத்தாள். முதலில் இவோனுக்குப் போட்டாள், முள் பார்த்துத் தனியாக எடுத்து வைத்து. பிறகு ரதிதேவிக்கு, பாஸ்கரனுக்கு. காது மட்டும் வெளியே இருந்தது. டோறின் வீட்டுக் கதவில், தட்டுவதற்கு ஒரு பித்தளை வளையம் இருந்தது. தட்டினால் இங்கே கேட்கும்.

எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். அவள் நின்றபடியே காத்திருந்தாள். அடுப்பு ஒரே சீராக எரிந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. தட்டும் சத்தம் கேட்கவில்லை.

போய்த் திரையை விலக்கிப் பார்க்கலாம். இரண்டு வாசலுக்கும் நடுவில், வேலியோரம், அவன் நனைந்துகொண்டு நிற்பது தெரியும். அவள் போகவில்லை.